தெரியாத கை, தெரிந்த கை: செஞ்சியில் எங்கே சாப்பிடலாம்?

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னம் ஆனது. ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தலைப்பில் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. அதற்குப் பிறகு வெளியூர்த் தோழர்கள் என்னிடம் கேட்பவை இரண்டு கேள்விகள்தான். “அக்கா, கோட்டை ஏற எவ்வளவு நேரம் ஆகும்?” “இறங்கி வந்தா எங்க சாப்பிடலாம்?”

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ராஜகிரிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இரண்டாவது கேள்விக்கும் ஒரு கடைப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சேரியில் பிறந்தவர்களுக்கு அது எப்போதும் இரண்டு கேள்விகள். சோறு எங்கே நன்றாக இருக்கும் என்பது ஒன்று. எங்கே மரியாதையோடு உட்காரலாம் என்பது இன்னொன்று. பயணக் கையேடுகள் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்லும். நான் இரண்டாம் பாதியைப் பற்றி எழுதுகிறேன்.

படையோடு வந்த சோறு

செஞ்சி வந்தவர்களால் ஆன ஊர். கோனார்கள் கட்டத் தொடங்கிய கோட்டை என்பது மரபு. பிறகு விஜயநகரத்தின் கீழ் தெலுங்கு பேசும் நாயக்கர்கள் வந்தார்கள். 1649-இல் பிஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை அவர் மகன் ராஜாராமின் மராட்டியர்கள் கோட்டைக்குள் இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வெளியே முற்றுகை போட்டிருந்தார். அடுத்து புந்தேலா ராஜபுத்திரரான சரூப் சிங். அவருக்குப் பின் நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் வாழும் தேசிங்கு. 1714-இல் நவாபு சாதத்துல்லா கான். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள். பிஜப்பூர்க்காரர்கள் இந்த ஊரைப் பாதுஷாபாத் என்றார்கள், முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு அடுப்பும் மூட்டினார்கள்.

படை என்றால் வாளும் குதிரையும் மட்டும் கிடையாது. கூடவே சமையல்காரர்கள் வருவார்கள், கசாப்புக்காரர்கள் வருவார்கள். முகலாயப் படைகளுக்குத் தானியம் சுமந்து சென்ற பஞ்சாராக்கள் ஆயிரக்கணக்கான எருதுகளோடு நடந்தார்கள். அரிசியும் கறியும் ஒன்றாக வேகும் பிரியாணி வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஊர்களில் வேர்பிடித்தது இந்தப் போக்குவரத்தில்தான். அதிகார மையம் செஞ்சியிலிருந்து ஆர்க்காட்டுக்கு நகர்ந்தபோது நவாபுகளின் சமையலறையும் அங்கே நகர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணிக்கு அந்தச் சமையலறைதான் தாய் என்று இன்றும் சொல்கிறார்கள்.

நம் சொந்தச் சமையல் என்று நினைப்பதும் வெளியிலிருந்து வந்ததுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. நம் மானாவாரிக் கொல்லைகளில் விளையும் மல்லாட்டையும் அதே கண்டத்துப் பயிர்தான். அதை மணிலாக் கொட்டை என்று அழைக்கும்போதே அதன் பயணத்தைச் சொல்லிவிடுகிறோம். ஆகவே ‘நம்ம மண்ணின் சுத்தமான உணவு’ என்று யாராவது மார்தட்டினால், அவர் வீட்டுக் குழம்பிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வந்த உணவை நான் குறைசொல்லவில்லை. இந்த ஊர் எல்லாருடைய சோற்றையும் ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். கோட்டைக்குள் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் சுவர்களின் கனத்தைப் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். அதில் நிரம்பிய நெல்லை நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்துக் கொடுத்தவர்களைப் பற்றி அங்கே ஒரு வரி கிடையாது. அவர்கள் கூலியாக வாங்கியது படி நெல்லும் கூழும்.

நான்காவது குன்று

செஞ்சிக்கு வருபவர்களிடம் மூன்று குன்றுகளைக் காட்டுவார்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சுற்றி மதில் ஓடுகிறது. நான்காவதாகச் சிறிய குன்று ஒன்றும் இருக்கிறது. பழைய பதிவுகளில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். ‘சமார் டிக்ரி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று தமிழ்நாட்டிலும் மற்றொன்று வட இந்தியாவிலும் தோல் தொழிலாளர் சாதிகளைக் குறித்த சொற்கள். இன்று இரண்டுமே வசை. நாம் அருந்ததியர் என்கிறோம்.

தோல் இல்லாமல் 17-ஆம் நூற்றாண்டின் படை ஓரடி நகராது. சேணம், கடிவாளம், செருப்பு, வாளுறை, கேடயம், தண்ணீர் சுமக்கும் பை எல்லாம் தோல். ஊரில் விவசாயமும் அப்படித்தான். கவலை இறைக்கும் சால் தோலில் தைத்தது. தமிழ்நாட்டு அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம். விஜயநகர, நாயக்கர் காலக் குடியேற்றங்களோடு அவர்கள் வருகையை ஆய்வாளர்கள் இணைத்துப் பேசுகிறார்கள். அதாவது, நாயக்கரும் வந்தவர். நாயக்கரின் குதிரைக்குச் சேணம் தைத்தவரும் வந்தவர். ஒரே பாதையில் வந்த இரண்டு அடுப்புகள். ஒன்று இன்று ‘அரண்மனை விருந்து’ என்று விலை போகிறது. மற்றதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த அடுப்பில் என்ன வெந்தது? செத்த மாட்டை அகற்றுவது தோல் தொழிலாளரின் கட்டாயக் கடமை. அதன் தோல் ஊருக்குப் போனது, கறி கூலியாக வீட்டுக்கு வந்தது. ஒரே நாளில் தின்று தீராது என்பதால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் பிறந்தது. குடல், ஈரல், மண்ணீரல், இரத்தம் எதுவும் வீணாகாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உருவானது. வயல் நண்டும் நத்தையும் மழைக்கால ஈசலும் சேர்ந்துகொண்டன. அறுப்பு முடிந்த வயலில் இருளர்கள் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். இத்தனை நுணுக்கமான சமையலறிவு வேறு எந்தச் சாதியிடம் இருந்திருந்தாலும் இந்நேரம் அதற்குப் பத்து சமையல் புத்தகங்கள் வந்திருக்கும்.

மராட்டியக் கோட்டை என்பதால் மகாராஷ்டிராவிலிருந்தே ஒரு உதாரணம். ஷாஹு பாட்டோளே என்ற எழுத்தாளர் 2015-இல் மராத்தியில் ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூலை எழுதினார். மராத்வாடாவின் மகார், மாங்கு சாதிகளின் சமையலைப் பற்றியது. அன்னம் பூர்ண பிரம்மம் என்ற பெருமையை ‘அபூர்ண’ என்று திருப்பிப் போட்ட தலைப்பு. 2024-இல் ஆங்கிலத்திலும் வந்தது. தலித் சமையலைத் தலித்தே எழுதி ஆவணமாக்கிய அப்படி ஒரு வேலை தென் ஆர்க்காட்டுச் சேரிகளுக்கும் நடக்க வேண்டும். சமூகவியலோ நாட்டார் வழக்காற்றியலோ படிக்கும் தம்பி தங்கைகள் ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், இதோ ஒன்று.

தூரம் சாதியைக் கழுவும்

இன்றைய செஞ்சிக்கு வருவோம். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கும் ஊர் என்பதால் பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம் கடக்கிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கூட்டம். இப்போது கோட்டைக் கூட்டமும் சேர்ந்திருக்கிறது. சாலையோரம் பிரியாணி உண்டு, பரோட்டா உண்டு, ‘சுத்த சைவம்’ உண்டு, பானிபூரி வண்டி உண்டு, ஐயங்கார் பேக்கரி உண்டு.

இந்தப் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தமிழ்நாட்டு நெடுஞ்சாலை முழுக்க ஐயர் மெஸ், ஐயங்கார் பேக்கரி, நாயுடு மெஸ், கவுண்டர் மெஸ் பார்க்கலாம். சாதிப் பெயரே சுவைக்கு முத்திரையாகிறது. ஒரு பறையர் மெஸ்ஸையோ அருந்ததியர் பேக்கரியையோ நீங்கள் பார்த்ததுண்டா? சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதுதான் சமூகவியல்.

உடுப்பி ஓட்டல்கள் சென்னை மாகாணத்தில் பரவியதற்கு மசால் தோசையின் ருசி மட்டும் காரணம் கிடையாது. பார்ப்பனர் சமைத்தால் எல்லாச் சாதியினரும் சாப்பிடலாம் என்ற சாதி விதிதான் அந்தத் தொழிலின் முதலீடு. அதனால்தான் ‘பிராமணாள்’ என்ற சொல் பலகையில் ஏறியது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் தினமும் மறியல் செய்து கைதானார்கள். பலகை இறங்கியது. விதி முழுதாக இறங்கவில்லை.

இப்போது ஓட்டல் அடுப்படிக்குள் எட்டிப் பாருங்கள். பல கடைகளில் மாவு பிசைவதும் பாத்திரம் கழுவுவதும் பீகார், ஒடிசா, அசாம் தம்பிகள். அவர்கள் என்ன சாதி என்று ஊரில் யாருக்கும் தெரியாது; யாரும் கேட்பதும் இல்லை. அவர்களில் கணிசமானோர் அவரவர் ஊரில் தலித்துகளாகவோ பழங்குடியினராகவோ இருக்கலாம். அவர்கள் கையால் போட்ட பரோட்டாவை ஊர்க்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே மாநிலத்தில் 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியப் பெண் ஒருவர் பொறுப்பேற்றபோது, ‘அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது’ என்று ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீகாரிலிருந்து வந்த, சாதி தெரியாத கை சமைத்தால் ருசி. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த, சாதி தெரிந்த கை சமைத்தால் தீட்டு. இதில் சுத்தமோ சுகாதாரமோ எங்கும் இல்லை. இருப்பது தகவல் மட்டும்தான்: சமைத்தவர் யார் என்ற தகவல். வெளியூர் உணவுகளுக்கு இந்த நாடு இவ்வளவு எளிதாக வாய் திறப்பதற்கு ஒரு காரணம், தூரம் சாதியைக் கழுவிவிடுகிறது என்பது. ஆகவே ஒரு ஊரில் எத்தனை நாட்டுச் சமையல் கிடைக்கிறது என்பதை வைத்து அந்த ஊரின் பரந்த மனத்தை அளக்காதீர்கள். பக்கத்துத் தெருவின் தெரிந்த கை, தன் பெயரிலேயே ஒரு கடை போட்டு, ஊரே அங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறதா என்று பாருங்கள். என் அளவுகோல் அதுதான்.

ஆம்பூர் சொல்லிக்கொடுத்தது

இது செஞ்சிக்கு ஏன் அவசரம்? மரபுச் சின்னம் என்றால் அடுத்து உணவுத் திருவிழா வரும், ‘பாரம்பரிய உணவு வீதி’ வரும். அப்போது என்ன நடக்கும் என்று ஆம்பூர் ஏற்கெனவே காட்டிவிட்டது.

2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் திட்டமிட்டது. ஆம்பூர் பிரியாணியின் புகழைக் கொண்டாடும் விழா. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கும் பன்றி இறைச்சிக்கும் அதில் இடமில்லை. ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே வேலை செய்யும் தலித்துகளும் முஸ்லிம்களும் அன்றாடம் சாப்பிடுவது மாட்டிறைச்சிப் பிரியாணி. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியும் பிற அமைப்புகளும் எதிர்த்தன. விழா வாசலில் இலவசமாக மாட்டிறைச்சிப் பிரியாணி கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இது பாகுபாடு ஆகாதா என்று நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது.

நவாபின் சமையல் மரபு வேண்டும். அந்த மரபை இன்றுவரை வயிற்றில் சுமக்கும் தொழிலாளியின் தட்டு வேண்டாம். அரசு விழாவே இப்படி என்றால், தனியார் நடத்தும் பாரம்பரிய வீதியில் என்ன எதிர்பார்க்க முடியும்?

இன்னொரு எச்சரிக்கை செஞ்சி நாயக்கர்களின் பேரரசுத் தலைநகரிலிருந்து வருகிறது. ஹம்பியும் உலக மரபுச் சின்னம். 2011 ஜூலையில் ஹம்பி பஜாரில் வீடும் கடையும் வைத்திருந்த 300-க்கு மேற்பட்ட குடும்பங்களின் கட்டடங்கள் மரபுப் பாதுகாப்பின் பெயரால் இடிக்கப்பட்டன. செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நூறு மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. கல்லைக் காப்பாற்ற விதி வேண்டும்தான். ஆனால் மரபைக் காக்கிறோம் என்று கிளம்பும்போது முதலில் துரத்தப்படுவது கூழ் வண்டியும் வெள்ளரிக்காய்க் கூடையும் மல்லாட்டை வறுக்கும் சட்டியும்தான். அவற்றின் பின்னால் நிற்பது பெரும்பாலும் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நமக்குள் பேச வேண்டியது

மாட்டுக்கறி என்றதும் நம் பிள்ளைகளிடமிருந்தே ஒரு கேள்வி வருகிறது. “அக்கா, அம்பேத்கரே மாட்டுக்கறிய விடச் சொன்னாரே?” சரியான கேள்வி. 1927-இல் மகாத் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. அது தீண்டாமை சுமத்திய கூலி. அதை உதறுவது விடுதலை. கடையில் காசு கொடுத்து நல்ல கறி வாங்கித் தின்பது வேறு. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மாடு அறுப்பதை ஒழுங்குபடுத்துகிறது. மாட்டிறைச்சி உண்பதைக் குற்றமாக்கவில்லை. 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விழாவில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் அடித்துக் கண்ணில் காயப்படுத்தப்பட்டார் என்பதை நினைவில் வையுங்கள். சட்டம் அனுமதித்ததைச் சாதி அனுமதிக்கவில்லை.

எனக்கு மாட்டுக்கறி பிடிக்காது என்று சொல்லும் தலித் இளைஞரும் நம் தோழர்தான். தின்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், தின்னக் கூடாது என்று தடுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். நாம் கேட்பது பலகையில் அதற்கு ஒரு இடம். தின்பவருக்கு மற்றவர்களோடு ஒரு இருக்கை.

இன்னொன்றும் பேச வேண்டும். நம் பந்தியில் எல்லோரும் உட்காருகிறார்களா? பறையர் வீட்டுக் கல்யாணத்தில் அருந்ததியரும் புதிரை வண்ணாரும் முதல் பந்தியில் இருக்கிறார்களா? இருளர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா? எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடும் நம் அம்மாக்களை எந்தப் பந்தியில் சேர்ப்பது? ஊரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைச் சேரிக்குள்ளும் கேட்காவிட்டால் நம் கேள்விக்குப் பலம் இருக்காது.

மகாத்தில் மிதிக்கப்பட்ட சோறு

யுனெஸ்கோவின் 12 கோட்டைகளில் ராய்கட்டும் ஒன்று. சிவாஜி முடிசூடிய கோட்டை. அது இருக்கும் தாலுகாவின் பெயர் மகாத். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தது அந்த மகாத்தில்தான். குளத்தில் குடித்துத் திரும்பியவர்கள் பந்தலில் சாப்பாட்டுக்கு இருந்தபோதுதான் சாதி இந்துக்களின் கூட்டம் தாக்கியது. ஆட்களை அடித்தார்கள், சோற்றை மண்ணில் கொட்டி மிதித்தார்கள்.

ராய்கட்டும் செஞ்சியும் இன்று ஒரே மரபுப் பட்டியலில். அந்த மரபில் மகாத்தின் மிதிபட்ட சோறும் உண்டு. ராய்கட் போகிறவர்கள் சவுதார் குளத்துக்கும் போக வேண்டும். செஞ்சிக்கு வருகிறவர்கள் நான்காவது குன்றையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எங்கே சாப்பிடலாம்?

அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர் 1936-இல் ஒரு கையேட்டைத் தொடங்கினார். கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த உணவகத்தில் அவமானமில்லாமல் சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்ற பட்டியல். ‘பசுமைப் புத்தகம்’ என்று பெயரெடுத்தது. அது தேவைப்படாத நாள் வர வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பரிமாறும்வரை எழ மாட்டோம் என்றார்கள். சில மாதங்களில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது. 1964-இல் உணவகங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பட்டியல், உட்காருதல், சட்டம்: மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தன.

நம்மிடம் சட்டம் முன்பே இருக்கிறது. அரசமைப்பின் 15(2) பிரிவு கடையையும் உணவகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு உணவகத்தில் நுழைவதை மட்டும் சொல்லவில்லை. அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவதையும் உரிமையாக்குகிறது. அதாவது தனிக் குவளை குற்றம். 8-ஆவது பிரிவின்படி, 6-ஆவது பிரிவின் கீழ் தண்டனை பெற்றவரின் கடை உரிமத்தை ரத்துசெய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கடைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நம்மிடம் இல்லாதது பட்டியல். உட்காரும் பழக்கமும் குறைவு.

ஆகவே செஞ்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இது.

பிரியாணி சாப்பிடுங்கள். முஸ்லிம் கடைகளின் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் உட்காரும் பழக்கம் நம் தாத்தாக்கள் காலத்திலேயே நமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கோடையில் வந்தால் கூழ் வண்டியைத் தேடுங்கள். கேழ்வரகோ கம்போ, மோர் ஊற்றி, வெங்காயமும் மோர்மிளகாயும் மாங்காயும் கடித்துக் குடியுங்கள். படியாளின் பட்டையில் ஊற்றிய அதே கூழ் இன்று சர்க்கரை நோய்க்கு மருந்தாகி நட்சத்திர ஓட்டலுக்குப் போய்விட்டது. நீங்கள் வண்டியிலேயே குடியுங்கள், காசு வண்டிக்காரருக்குப் போகட்டும். மாலையில் பீஃப் கடை கண்ணில் பட்டால், ‘பார்சல்’ என்று கேட்காதீர்கள். அங்கேயே நின்று சாப்பிடுங்கள். ஒளித்து எடுத்துப் போகும் கறுப்புப் பைதான் இரட்டைக் குவளையின் தம்பி.

கிராமத்துப் பக்கம் போனால் டீக்கடையில் கண்ணாடி கிளாஸைக் கவனியுங்கள். கொட்டாங்குச்சி போய்த் தனிக் குவளை வந்தது. தனிக் குவளையின் மீது வழக்கு வந்ததும் பேப்பர் கப் வந்தது. பேப்பர் கப் எல்லோருக்கும் என்றால் பிரச்சினை இல்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரருக்குப் பேப்பர் கப் என்றால் அது பழைய குவளையேதான். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒவ்வொரு கடையிலும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே பெஞ்சா? அடுப்படியில் உள்ளூர்த் தலித்தோ இருளரோ சமைக்கிறாரா, அல்லது அவர்களுக்குக் கழுவும் வேலை மட்டுமா? கல்லாவில் எப்போதாவது அவர்கள் உட்கார்ந்ததுண்டா? ஒரு விடுமுறையில் பத்துப் பேர் சேர்ந்தால் செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களுக்கு இந்தப் பட்டியலைத் தயாரித்துவிடலாம். நல்ல கடைகளின் பெயரைப் பரப்புங்கள். மோசமான கடையைப் பற்றி முகநூலில் எழுதுவதற்கு முன் தேதி, நேரம், சாட்சியோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

கடைசியாக, இனிமேல் வரப்போகும் கடைகளைப் பற்றி. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி செஞ்சிப் பேரூராட்சிக்கும் நகர விற்பனைக் குழு வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும். குழு இருக்கிறதா, யார் யார் உறுப்பினர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். கோட்டைச் சாலையில் கடை ஒதுக்கும்போது நம் பகுதி மகளிர் குழுக்களுக்கும் இருளர் குழுக்களுக்கும் பங்கு கேளுங்கள். தாட்கோ கடனும், 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் இருக்கின்றன. விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படும் அக்காக்கள் ஒவ்வொரு சேரியிலும் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு படித்த நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்குக் கொடுங்கள்.

கோட்டை வாசலில் அப்படி ஒரு கடை வரட்டும். பலகையில் கூழும் கருவாட்டுக் குழம்பும் உப்புக்கண்டமும் எழுதியிருக்கட்டும். கடைக்கு நடத்துகிற அக்காவின் பெயரே இருக்கட்டும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்தே ஊர் வந்து உட்காரட்டும். அதன் பிறகு செஞ்சியில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், யோசிக்காமல் அந்தக் கடையின் பெயரைச் சொல்வேன்.